வாசிக்கத் தெரியாத வேதாகமம்



‘புத்தளக் கரையின் குடும்ப வேதாகமம்’ பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பரொருவர் சிரித்தார். “ஐயா, அந்தக் கரையில கத்தோலிக்கரும் முஸ்லிம்களும்தானே கூட. ஆர் வீட்டுப் பெட்டியில வேதாகமம் தேடப்போறியள்?” என்றார். கேள்வி நியாயமானதுதான். அந்தக் கரையிலுள்ள கற்பிட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

1659இல் போர்த்துக்கேயரிடமிருந்து கற்பிட்டியை ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1667இல் கோட்டை வேலை தொடங்கியது. அவர்களுடைய பழைய கோயில் பேதுருவானவரின் பெயரோடு இன்றும் ஊருக்குள் நிற்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிச் சேவகத்துக்கென்று வந்தவர்களில் பலர் இந்த நாட்டிலேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். அத்தகைய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது ‘ஸ்டேட்டன் பைபல்’ என்னும் ஒல்லாந்த வேதாகமம். தோர்ட் நகரில் 1618இல் கூடிய திருச்சபைச் சங்கம் தீர்மானித்து, 1637இல் அச்சேறிய மொழிபெயர்ப்பு அது. அதன் பெரிய பதிப்புகள் தோல் கட்டும் பித்தளைக் கொளுக்கியுமாக இருக்கும். ஒரு கையால் தூக்க முடியாது.

நமக்கு வேண்டியது அதன் முன்பக்கத்து வெற்றுத்தாள். இன்ன நாள், இன்ன மணிக்குப் பிள்ளை பிறந்தது, ஞானஸ்நானத்தில் கையேந்தியவர் இன்னார், கலியாணம், சாவு என்று எல்லாம் அதிலேதான். ஏன் அங்கே எழுதினார்கள்? பக்தி என்பார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகவே படுகிறது. கப்பலேறி வந்தவனுக்கு இங்கே பங்காளி இல்லை, பூர்வீகக் காணி இல்லை, நாலு தலைமுறைப் பெயரை வாயாலேயே சொல்லக்கூடிய கிழவியும் இல்லை. எவரும் எறியத் துணியாத புத்தகம் வீட்டில் ஒன்றே ஒன்று. அதற்குள் பெயரை ஒளித்துவைத்தான்.

1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள், அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் ஒல்லாந்த மொழி மங்கிப்போயிற்று. அடுக்களையில் முன்பே போர்த்துக்கேயப் பேச்சுப் புழங்கிற்று. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. தாத்தன் ஒல்லாந்தில் எழுதிய தாளின் கீழே பேரன் ஆங்கிலத்தில் எழுதினான். மேலே உள்ள வேதவசனமோ தாத்தனின் எழுத்தோ அவனுக்குப் புரியாது. பெயர்கள் மட்டும் புரியும். 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம் தன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை வெளியிட்டபோது, கோயில் பதிவேடுகளோடு இத்தகைய தாள்களும் கைகொடுத்தன.

கம்பனியும் ஒரு புத்தகம் வைத்திருந்தது. அதன் பெயர் தோம்பு. பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதியப்பட்டால்தான் முதுசம் கேட்கலாம், உத்தியோகம் பார்க்கலாம். ஆகவே கரையோரக் கத்தோலிக்கர் பலர் தோம்பில் புரட்டஸ்தாந்தராயும் வீட்டில் கத்தோலிக்கராயும் இருந்தார்கள். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். அந்த இருட்டுக்குள்தான் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளும், அவருக்குப் பின் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் வந்தார்கள்.

கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் போலவத்தையில் காலமானவர். அதுவும் இன்றைய புத்தளம் மாவட்டம்தான். சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகச் சொல்வது. தவசு காலத்தில் அதை ஒப்பாரி போல இழுத்து வாசிப்பார்கள். குருவே இல்லாத ஊரிலும், வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் பெரிய வெள்ளி நடந்துவிடும். என் நண்பருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். இந்தக் கரையின் கத்தோலிக்க வீட்டில் வேதாகமத்தின் இடத்தில் இருந்தது இந்தப் பிரசங்கப் புத்தகம்.

சிலாபத்துக்குத் தெற்கே ஒரு வீட்டில் அதன் பிரதியொன்றைப் பார்த்தேன். சீலையில் சுற்றி, மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் பிள்ளைகளின் பெயர்கள். மேலே உள்ளவை தமிழில், கடைசி நாலும் சிங்களத்தில். வீட்டு அம்மா எழுபதைத் தாண்டியவர், என்னோடு சிங்களத்தில்தான் பேசினார். செபத்தை மட்டும் தமிழில் பிசகில்லாமல் சொன்னார். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை பல ஊர்களில் தமிழ்ப் பாடசாலை சிங்களப் பாடசாலையாகி, ஓரிரு தலைமுறைக்குள் வீட்டுமொழி மாறிய கதையை இங்கே விரித்தால் சொற்பொழிவு அதற்குள் போய்விடும். கற்பிட்டியின் ஒல்லாந்த வேதாகமத்துக்கு நேர்ந்ததே அந்தப் புத்தகத்துக்கும் நேர்ந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். மொழி போய்விட்டது, புத்தகம் இருக்கிறது.

இந்தக் கற்பிட்டியில்தான் 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். புத்தளத்தில் மணியகாரராக இருந்து, சிலாபத்தில் நீதிபதியானவர். 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்று தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூறு பேரின் வரலாற்றைத் திரட்டி ஆங்கிலத்தில் அச்சிட்டார். மறு ஆண்டு காலமானார். இலக்கிய வரலாற்றின் முன்னோடி என்று அந்த நூலைப் பாராட்டுகிறோம். எனக்கோ அதைப் புரட்டும்போதெல்லாம் வெற்றுத்தாள் நினைவுதான் வருகிறது. இன்னார் மகன், இன்ன ஊர், பாடியது இது என்று ஒரு மொழியின் குடும்பப் பதிவை, அந்த மொழி அறியாதவரும் படிக்கும்படி வேறொரு மொழியில் எழுதிவைத்த மனிதர் அவர்.

புத்தகமே இல்லாத குடியேறிகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் சிறாம்பியடியில் இருக்கிறார்கள். ‘மஞ்ஞா’ என்ற பாட்டில் போர்த்துக்கேயச் சொற்களை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் இந்தக் கரையில் கடதாசியை அதிக நாள் விடுவதில்லை. பழைய புத்தகங்களைப் படமெடுக்கப் புறப்படும் இளைஞர்கள் தலைப்புப் பக்கத்தையும் முதல் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு திருப்தியாகத் திரும்பிவிடுகிறார்கள். அவை எந்தப் பிரதியிலும் ஒன்றுதான், நூலகத்திலும் கிடைக்கும். அப்படியொரு வீட்டுக்குப் போகும்போது முதலில் அட்டைகளின் உட்புறத்தை எடுங்கள். பென்சில் எழுத்து மங்கலாக இருந்தால் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள், தெரியும்.