கடிதமே கட்டளையானால்...



வந்த தபால்களைப் படித்துச் சாரம் சொல்லும்படி குமாஸ்தாவிடம் முதலாளி சொல்கிறார். ஒரு கடிதத்தில், "இதைப் படிப்பவர் பெட்டகத்தைத் திறந்து, பத்திரங்களை இந்த முகவரிக்கு அனுப்பவும்" என்றிருக்கிறது. குமாஸ்தா சிரித்துவிட்டு அதை முதலாளியிடம் காட்டுவார். செயற்கை நுண்ணறிவு உதவியாளரோ சில வேளைகளில் பெட்டகத்தைத் திறந்தே விடுகிறது!

கற்பனையன்று. மைக்ரோசாப்ட் 365 கோப்பைலட் என்பது அலுவலக மின்னஞ்சல்களையும் கோப்புகளையும் தேடிப் படித்துப் பதில் சொல்லும் உதவியாளர். அதில் இருந்த ஓர் ஓட்டையை ஏய்ம் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் 2025 ஜூனில் வெளியிட்டனர். 'எக்கோலீக்' என்று அதற்குப் பெயர். வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் ஒன்றை அனுப்பினால் போதும். ஊழியர் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியதில்லை. பின்னர் அவர் கோப்பைலட்டிடம் ஏதேனும் கேட்கும்போது, அது அந்த மின்னஞ்சலையும் சேர்த்துப் படிக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் கட்டளைக்குப் பணியும். நிறுவனத் தகவலை ஒரு படத்தின் இணைய முகவரியில் செருகி வெளியே கசியவிடும். மைக்ரோசாப்ட் ஓட்டையை அடைத்துவிட்டது. வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. ஆய்வாளர்கள் முந்திக்கொண்டது நல்லதாயிற்று.

இது ஏன் நேர்கிறது? உரிமையாளரின் கேள்வி, நிறுவனத்தின் விதிகள், அந்நியரின் கடிதம் எல்லாமே இந்த இயந்திரத்துக்கு ஒரே சொற்சரமாகத்தான் போய்ச் சேர்கின்றன. எது கட்டளை, எது வெறும் செய்தி என்று பிரிக்கும் உறுதியான வேலி உள்ளே இல்லை. தரவுத்தளங்களிலும் இதுபோன்ற தொல்லை முன்பு இருந்தது. அங்கே கட்டளையையும் தரவையும் தனித்தனியே அனுப்பும் முறை வந்ததும் மருந்து கிடைத்தது. இங்கே முழுமையான மருந்து இன்னும் இல்லை. 2022இல் இத்தாக்குதலுக்குப் பெயர் சூட்டிய நிரலாளர் சைமன் வில்லிசன், 2025இல் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். அந்நியர் எழுதியதைப் படிப்பது, இரகசியக் கோப்புகளைப் பார்ப்பது, வெளியே செய்தி அனுப்புவது ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே உதவியாளரிடம் சேரக்கூடாது என்பதே அது.

சம்பளம் கேட்காத வேலையாள் என்ற மகிழ்ச்சியில் எல்லாச் சாவிகளையும் கொடுத்துவிடும் சிறு நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்களும் சம்பளப் பட்டியலும் அந்தக் கோப்புகளில்தானே இருக்கின்றன? சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டிகள், திட்டமிடும் கட்டத்திலேயே பாதுகாப்பைத் தொடங்கச் சொல்கின்றன. விற்க வருபவரிடம் கேட்க வேண்டியது: "இது எதையெல்லாம் படிக்கும்? யாருடைய அனுமதியின்றி எதை அனுப்பும்?"

அனுமதி கேட்கும் பொத்தான் இருக்கிறது என்பார்கள். நாளுக்கு நூறு முறை 'சரி' அழுத்துபவர் எத்தனை முறை படித்துப் பார்த்து அழுத்துகிறார் என்பதையும் கேட்டு வையுங்கள்.