பாலிசியில் ரூம் வாடகை வரியைப் பாத்தீங்களா?

(ஞாயிற்றுக்கிழமை வட்டக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியது. வர முடியாதவங்க கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம்.)

எனக்கு மேடைப் பேச்சு வராது, எங்க வீட்டுக் கணக்கையே சொல்றேன்.

அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். 3 லட்சம் ரூபாய் பாலிசி இருக்கு, கேஷ்லெஸ். தைரியமாப் போனோம். நாள் வாடகை 6,000 ரூபாய்னு தனி ரூம், மூணு நாள். பாலிசியில் ரூம் வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது 3,000. சரி, மிச்சம் 9,000ஐ நாம கட்டிக்கலாம்னு நினைச்சேன். இன்ஜினியரிங் படிச்சவன் போட்ட கணக்கு!

மொத்த பில் 1,34,000. டிஸ்சார்ஜ் அன்னிக்கு எங்ககிட்ட கேட்டது 67,000. சரிபாதி!

இதுக்குப் பேர் 'ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்', விகிதாசாரக் கழிவு. தகுதியான ரூமை விட இரண்டு மடங்கு வாடகையில் தங்கினா, ரூமோடு சேர்ந்து ஏறுற சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்ஸிங் எல்லாத்திலயும் பாதியைத்தான் கம்பெனி தரும். எங்களுக்கு அந்த 80,000ல் 40,000 போச்சு. அது பாலிசியில் எழுதியிருக்கு, நான்தான் படிக்கல.

ஆனா மருந்து, டெஸ்ட் பில் 36,000லயும் பாதியை வெட்டியிருந்தாங்க. அது தப்பு. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணத்தில் இந்தக் கழிவு கூடாதுன்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020லேயே சொல்லியாச்சு. ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கிடையாது. ஒரு மெயில் போட்டேன், 18,000 திரும்பி வந்தது. கேக்காம விட்டவங்க எத்தனை பேரோ?

'கோ-பே' 20 சதவீதம்னு இருந்தா, ஒவ்வொரு க்ளெய்ம்லயும் அந்தப் பங்கு நம்ம கையிலிருந்து. 'வெயிட்டிங் பீரியட்': ஏற்கெனவே இருக்கிற சுகர், பிரஷருக்கு அதிகபட்சம் 36 மாசம். 2024க்கு முன்னாடி 48.

'டி.பி.ஏ.'ன்னு ஒருத்தர் போன்ல "க்ளெய்ம் கிடையாது சார்"னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. அவங்க இடையில் இருந்து பைல் பாக்கிறவங்க. மறுக்கிறதா இருந்தா இன்சூரன்ஸ் கம்பெனிதான், காரணத்தை எழுத்துல தரணும்.

முதல்ல கம்பெனிக்குப் புகார் எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். சென்னையிலயே ஆபீஸ் இருக்கு. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுல பாலிசியை எடுத்து 'ரூம் ரென்ட்'ங்கிற வரியை மட்டும் தேடுங்க. புரியலைன்னா அந்த வரியைக் கமென்ட்ல எழுதுங்க, நம்ம டீம் பசங்க பதில் சொல்வாங்க. பாலிசி நம்பரை மட்டும் போட்டுடாதீங்க.