வேலை போனபின் செய்ய வேண்டுவன
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை பெற்றோரைப் பாராட்டிப் பேசுவதே இத்தகைய மேடைகளின் வழக்கம். நாம் இன்று வேலை இழந்தோரைப் பற்றிப் பேச எண்ணுகின்றோம். நம் குடியிருப்பில் ஒருவர் பெறும் அரசு வேலை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், கூட்டுறவுக் கடன், சீட்டுப் பணம் யாவும் அந்த ஒரு சம்பளத்தையே நம்பி நிற்கின்றன. அது நின்ற நாளில் அவர் வெட்கத்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார். சாத்திய கதவைத் தட்டிக்கொண்டு முதலில் வருபவன், பணம் கொடுத்தால் ஆணையை மாற்றித் தருவேன் என்னும் தரகன். எஞ்சிய நகையும் அவன் கைக்குப் போகிறது.

ஆணையை முதலில் ஊன்றிப் படிக்க வேண்டும். தற்காலிகப் பணிநீக்கம் என்பது வேலை இழப்பே அன்று. அக்காலத்திற்குப் பிழைப்பூதியம் கேட்டுப் பெறலாம். பணிநீக்கம், பணியறவு ஆகிய இரண்டும் ஒன்றல்ல. முன்னது பிற்காலத்தில் வேறு அரசுப் பணி பெறுவதற்குத் தடையாகாது. பின்னது பொதுவாகத் தடையாகும். நிலையான பணியாளரை உரிய விசாரணையும் விளக்கம் கூற வாய்ப்பும் இன்றி நீக்குவதை அரசியலமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, அனுமதிப்பதில்லை. மேல்முறையீட்டிற்குக் காலவரம்பு உண்டு. துக்கத்தில் அந்த நாட்களைத் தொலைத்தவர் பலர்.

ஆனால் முறையீடு ஒரு வழி, பிழைப்பு மற்றொரு வழி. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டலாகாது. 1989இல் தோன்றிய மக்கள் நலப் பணியாளர் பணி 1991, 2001, 2011 என மும்முறை பறிக்கப்பட்டது. 2011இல் வெளியேறியோர் 13,000க்கும் மேற்பட்டவர். அவர்களுக்கு மாற்றுப் பணி தர அரசு முன்வந்தது 2022இல்தான். பதினொரு ஆண்டுகள்! ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பட்டமே பெற்றுவிடும். வழக்கு நடக்கட்டும், அடுப்பு அதற்காகக் காத்திராது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இந்தப் பகுதியை நம் கூட்டங்களில் எவரும் விரித்துரைப்பதில்லை. 1917இல் அவர் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியேந்தியோர் அவரை வெளியேற்றினர். பணியை விட்டுப் பம்பாய் திரும்ப நேர்ந்தது. அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்றவர், மாணவர்க்குத் தனிப்பாடம் சொன்னார். பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டனர். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சம்பளம் 450 ரூபாய். அதுவும் தற்காலிகப் பதவியே. ஆயினும் இருக்கும் வரை அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. பரேலில் இரண்டு அறைக் குடியிருப்பில் சிக்கனமாக வாழ்ந்து, பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் சேர, 1920இல் இலண்டன் சென்று விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

தனிப்பாடம் சொல்வது இழிவன்று. நம்மவர் சிலர் அலுவலக நாற்காலியில் அமர்ந்தபின் வேறெதிலும் அமர மறுக்கிறார்கள். இது நமக்கு உடன்பாடன்று. பட்டியல் வகுப்பினர்க்குத் தேர்வாணையத்தின் பதவிகள் பலவற்றில் வயது வரம்பு தளர்ந்தோ, அறவே இல்லாமலோ இருக்கிறது. தொழில் தொடங்குவோர்க்கு, 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மானியம் தருகிறது. 55 வயது வரை விண்ணப்பிக்கலாம். வருங்கால வைப்பு நிதியில் நாம் செலுத்திய தொகை நம்முடையதே. அதனை வாங்கிப் பழைய கடனுக்கு முழுவதும் கொடுத்துவிடாமல், ஆறு மாதச் சோற்றுக்கு ஒதுக்கி வைத்தபின் மற்றவற்றைப் பார்க்கலாம். கடன்காரரிடம் நேரில் சென்று தவணை கேட்க வேண்டும். ஒளிந்தால்தான் அவர் வீட்டுக்கு வருவார்.

ஞாயிறு மாலைகளில் நம் சங்கப் படிப்பகம் திறந்திருக்கும். ஆணையையும் கையிலுள்ள பணிச் சான்றுகளையும் எடுத்து வாருங்கள். மனு எழுதத் தெரிந்தோர் இருப்பர். வர மனமில்லாதவர் சொல்லி அனுப்பினால், நாமே வீட்டிற்கு வருகின்றோம்.