மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால்

(தலைச்சோலையில் கூடிய ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தீர்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து இந்தக் கூடம் வரைக்கும் மேடேறி நடந்தீர்கள். வந்து உட்கார்ந்ததும் உங்களில் பலர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. காபி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என நாங்கள் நினைக்கவில்லை. மூச்சு வாங்கியது. இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டதும் அதைப் பற்றித்தான்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கடற்கரையோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல சுகமுள்ள ஒருவரை இந்த உயரம் அதிகமாய் வருத்தாது. ஆனால் மூச்சு வாங்குகிறது என்று யார் வந்தாலும் மலைக்காற்றின்மேல் பழி போடுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. நாங்களும் அதற்கு விலக்கல்ல.

காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் எங்களிடம் வந்தார்கள். வயது நாற்பதுக்குள்தான். "ஐயா, மேடு ஏறினா நெஞ்சுக்குள்ள அடைக்குது. காலு ரெண்டும் வர மாட்டேங்குது. மேஸ்திரி என்னைச் சோம்பேறிங்கிறாரு" என்றார்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் அளவு 97. முகம் வாடவில்லை, ஜுரம் இல்லை. வெளிநோயாளர் பகுதியில் வரிசை நீளமாயிருந்தது. சிற்றாலயத்தில் எங்களோடு உட்கார வைத்து ஜெபித்தோம். "பயப்படாதேம்மா, மனசிலே பாரம் இருந்தா மூச்சு அடைக்கும். கொஞ்சங்கொஞ்சமா நட, பழகிப்போகும்" என்று சொல்லி அனுப்பினோம். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. அது எங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை.

மூன்று வாரம் கழித்து இரவில் அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே இருமினார்கள், இருமலில் இளஞ்சிவப்பாய் நுரை வந்தது. பணியில் இருந்த மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, "இருதயத்தில் மிட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது" என்றார். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் பல வருஷம் கழித்து விட்டுச்செல்லும் தழும்பு அது. வால்வு சுருங்கினால் நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இருதயத்துக்குள் தாராளமாய் நுழைய முடியாமல் பின்னாலேயே தேங்குகிறது. மேடு ஏறும்போது இருதயம் வேகமாய்த் துடிக்கும், தேக்கம் இன்னும் கூடும். உட்கார்ந்திருக்கையில் ஆக்சிஜன் 97 காட்டியதில் ஆச்சரியமில்லை.

ஆக்சிஜன் குறையாதபோதே அந்தத் தாயாருக்கு எப்படித் தெரிந்தது? இதை அந்த மருத்துவரிடம் கேட்டோம். அவர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் எங்கள் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

எபிரேய மொழியில் மூச்சுக்கும் காற்றுக்கும் ஆவிக்கும் 'ரூவாக்' என்று ஒரே சொல். இதை வைத்து முப்பது வருஷத்துக்கு மேலாய்ப் பிரசங்கம் பண்ணியிருக்கிறோம். உடம்புக்குள் மூச்சு எப்படி நடத்தப்படுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கி வரும் 'வேகஸ்' என்ற நரம்பு இருக்கிறது. பேருக்குத்தான் ஒரு நரம்பு. உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள், அவற்றில் பெரும்பாலானவை உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. நுரையீரல் விரிந்தால் அந்தச் செய்தி இதன் வழியாய்ப் போய் உள்மூச்சை நிறுத்துகிறது என்று 1868இல் ஹெரிங், பிராயர் என்ற இருவர் காட்டினார்கள். அந்தப் பிராயர்தான் பிற்காலத்தில் மனநோய் மருத்துவத்தில் பிராய்டோடு சேர்ந்து எழுதியவர்.

அதற்குப் பின் வந்த ஒரு பெரிய கண்டுபிடிப்பு நம்முடைய நாட்டவருடையது. அவுதார் சிங் பெயின்டல் 1925இல் பர்மாவின் மோகோக்கில் பிறந்தவர், லக்னோவில் மருத்துவம் படித்து எடின்பரோவில் ஆராய்ச்சி செய்தவர். மயக்கத்தில் இருக்கும் பூனையின் வேகஸ் நரம்பை இழை இழையாய்ப் பிரித்து, ஒற்றை இழையில் ஓடும் மின்துடிப்பைப் பதிவு செய்வார். தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய இழைகள் அவை. நுரையீரலிலிருந்து காற்றை உறிஞ்சி அதைச் சுருங்க வைத்தபோது சில இழைகள் துடித்ததைக் கண்டு, 1955இல் அவற்றின் முனைகளுக்குச் 'சுருக்கம் உணரும் முனைகள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் அவருக்கே திருப்தி தரவில்லை. நுரையீரல் அப்படிச் சுருங்குவது அன்றாடம் நடக்கும் காரியமா? அப்படியானால் இந்த முனைகள் உண்மையில் எதற்காகக் காத்திருக்கின்றன? தொடர்ந்து தேடினார். இரத்தத் தந்துகிகளில் தேக்கம் ஏற்பட்டு, அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் நீர் கசியத் தொடங்கும்போதே அவை துடிக்கின்றன என்று கண்டார். 1969இல் தாம் வைத்த பெயரைத் தாமே மாற்றி 'ஜே' முனைகள் என்றார். 'ஜுக்ஸ்டா' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்து அது. இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்த கொஞ்ச லத்தீன் இதற்காவது உதவியது: அருகே, ஒட்டி என்று பொருள். தந்துகியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வருமட்டும் அவர் காத்திருப்பதில்லை, சுவர் ஈரமானவுடனே கூப்பிடுகிறார்.

கூப்பிட்டால் நடப்பது என்ன? மூச்சு மேலோட்டமாய், வேகமாய் ஆகிறது. அத்துடன் கைகால் தசைகளை அடக்கும் கட்டளையும் போகிறது. பூனைகளில் இதை 1970இல் விவரமாய்க் காட்டியவர்கள் தேஷ்பாண்டே, தேவானந்தன் என்ற இருவர். தேவானந்தன் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் ஆராய்ச்சி செய்தவர் என்பதை உங்களுக்குச் சொல்வதில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம். தேங்கும் நுரையீரலை மேலும் வருத்தாதபடி கால்களை நிறுத்திவைக்கும் ஒரு பிரேக் இது என்பது பெயின்டலின் கருத்து. "காலு ரெண்டும் வர மாட்டேங்குது" என்று அந்தத் தாயார் சொன்னதை நினைத்துக்கொண்டோம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மருத்துவர்கள் எங்களைக் கண்டிப்பார்கள். மனிதரில் இந்தத் தசை அடக்கம் அவ்வளவு தெளிவாய் நிரூபிக்கப்படவில்லை. இந்த முனைகளைத் தூண்டும் லோபலின் என்ற மருந்தை ஊசியில் செலுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. தொண்டையிலும் நெஞ்சிலும் மூச்சுத் தொல்லை உணர்வு வந்தது, தசைத் தளர்ச்சி காணப்படவில்லை. ஆகவே அந்தத் தாயாரின் கால்கள் நின்றதற்கு 'ஜே' முனைகள்தான் காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்லமாட்டோம். இருதயம் போதிய இரத்தம் அனுப்ப முடியாததும் ஒரு காரணமாயிருக்கும். நுரையீரலின் தேக்கம், ஆக்சிஜன் குறையுமுன்பே, நரம்பு வழியாய் ஆளுக்குத் தெரியவரும் என்பதே நாங்கள் கற்றுக்கொண்டது.

உயர்ந்த மலைகளில் இதே நுரையீரல் நீர் வேறொரு காரணத்தால் வரும். 1962 யுத்தத்தையொட்டி நம்முடைய சிப்பாய்களை இமயமலை உச்சிகளுக்கு அவசரமாய் ஏற்றினார்கள். பலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. அதைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1965இல் வெளியிட்ட ஆய்வுகளை உலகமெங்கும் படித்தார்கள். பொதுவாய் 2,500 மீட்டருக்கு மேல் காணப்படும் வியாதி அது. சேர்வராயன் மலையில் நீர் கோத்து ஒருவர் வந்தால் மலையைக் குற்றம் சொல்லாமல் இருதயத்தைப் பார்க்கவேண்டும் என்று எங்கள் மருத்துவர் புதிதாய் வரும் தாதியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

பெயின்டல் தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் நெடுங்காலம் இயக்குநராயிருந்தார். 1986 முதல் 1991 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். 2004 டிசம்பரில் காலமானார். விஞ்ஞானிகளின் நேர்மைக்காக 1986இல் ஒரு சங்கம் தொடங்க முன்னின்றவரும் அவரே.

அந்தத் தாயாருக்கு அன்றிரவே நீர் இறங்க ஊசி போட்டார்கள். பின்பு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். தொடை இரத்தக் குழாய் வழியாய்ப் பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். வண்டிச் செலவும் துணைக்குப் போனவரின் சாப்பாட்டுச் செலவும் உங்கள் காணிக்கையிலிருந்து போனது. ஊருக்குத் திரும்பியதும் அவர்களைப் பார்க்கப் போனோம். எங்கள் வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டோம். "நீங்களும் மேஸ்திரியும் ஒண்ணையேதான் சொன்னீங்க. நீங்க ஜெபம் பண்ணிட்டுச் சொன்னீங்க" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

அதற்குப் பின் பதிவுச் சீட்டில் இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன. எவ்வளவு தூரம் மேடேறினால் நிற்கவேண்டியிருக்கிறது? இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? சிற்றாலயத்துக்கு மூச்சுத் தொல்லையோடு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் அவற்றைக் கேட்கிறோம், பிறகுதான் ஜெபம். அந்தத் தாயார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்கு வருகிறார்கள். போன முறை பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வந்துவிட்டார்கள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்ததாய்ச் சொன்னார்கள். சீட்டில் அதையும் எழுதிக்கொண்டோம்.