கடன்பட்டவருக்குக் கைகொடுப்பது எப்படி?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நாம் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. அரிசியும் காசும் தாமே வந்து சேர்கின்றன. ஆனால் அதே வீட்டுக்குத் திவால் நோட்டீசு வந்தாலோ, கடன்பட்டவர் வெட்கத்தால் மறைக்கிறார்; நாமும் தெரிந்தும் தெரியாதவர்போல் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். இந்த மௌனம் குடும்பத்தைக் கெடுக்கிறது.

நோட்டீசு கைக்கு வந்தபின் ஏழு நாள்தான் தவணை. அதற்குள் தீர்ப்புத் தொகையைக் கட்ட வேண்டும். அல்லது கடன் கொடுத்தவர் ஒப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். தவறினால் திவால் மனுவுக்கு வழி திறந்துவிடும். 2021 முதல், கடன் ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைவாயிருந்தால் மனுப் போட முடியாது. "நமக்கேது அவ்வளவு கடன்?" என்பீர்கள். வீட்டுக்கு வாங்கியது, காருக்கு வாங்கியது, ஏறிய வட்டி, பிறருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். திவாலானவர் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போக முடியாது. அவர் சொத்தும் திவால் இலாகாவின் பொறுப்புக்குப் போகும்.

ஆகவே, அண்ணன் தம்பியோ, மாமன் மச்சானோ, உடன் வேலை செய்பவரோ உதவ நினைத்தால், முறையறிந்து உதவ வேண்டும்.

முதலாவது, பணத்தைக் கடன்பட்டவர் கையில் கொடாதீர்கள். கட்ட வேண்டிய இடத்திலேயே கட்டி, ரசீது வாங்குங்கள். அது இனாமா, கைமாற்றா என்பதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் கடன் இருக்கையில் ஒருவருக்கு மட்டும் இரகசியமாகக் கட்டினால், பின்னர் வழக்கில் அது கிளறப்படக்கூடும்.

இரண்டாவது, திவால் என்று நீதிமன்றம் அறிவிக்கும் முன்னரே கடன்பட்டவர் ஒரு சமரசத் திட்டம் கொடுக்கலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்த உரிமை இது. வழக்கறிஞர் அல்லது கணக்காய்வாளர் ஒருவர் பொறுப்பேற்பார். நீதிமன்றம் 90 நாள் இடைக்காலத் தடை தரும். கடன் கொடுத்தவர்கள் கூடி வாக்களிப்பார்கள். உறவினர் பணத்துக்கு மிகுந்த மதிப்பு இங்கேதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் அவர்கள் தயங்குவார்கள். "திட்டத்தை ஏற்றால் என் தம்பி இவ்வளவு தொகை உடனே தருவான்" என்றால், திவாலாக்கினால் இவ்வளவாவது கிடைக்குமா என்று அவர்களே கணக்குப் போடுவார்கள்.

மூன்றாவது, இன்னொரு ஜாமீன் கையெழுத்து உதவியாகாது. படிப்புக் கடன், குடியிருக்கும் வீடு, சொந்த உபயோகத் தவணைக் கார் ஆகியவற்றுக்கு இலாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரை இப்போது திவாலாக்க முடியாது. ஆனாலும் கடன் அவரைவிட்டுப் போவதில்லை, வழக்கும் வரும். லைசென்சு இல்லாத வட்டிக்காரனிடம் வாங்கிக் கட்டுவதோ, தீயை எண்ணெயால் அணைப்பதாகும்.

கடிதம் வந்த அன்றே சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் கிராணிகளாகிய நாங்கள் படித்துச் சொல்லுகிறோம். கடன் பேங்கில் இருந்தால், 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை தரும். தவணையையும் மாற்றிப் பேசும். நோட்டீசு வரும்வரை காத்திராமல், தவணை தவறத் தொடங்கியதுமே அங்கே போவது நல்லது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகக் காசு போட்டுத் தோட்டங்களையே வாங்கியவர்கள் நாம். அந்தக் காசு கணக்கோடும் ரசீதோடும் சேர்ந்ததால்தான் தோட்டமாயிற்று. ஒரு தோழரை மீட்கத் தரும் காசும் அப்படியே பலன் தரட்டும்.