ஆக்ஸ்ஃபோர்டில் அறை கிடைக்குமா?

ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தவர்களுக்கு முதல் குழப்பமே, எதை யாரிடம் கேட்பது என்பதுதான். பாடமும் ஆய்வு வழிகாட்டியும் துறையின் பொறுப்பு. அறை, சாப்பாடு, மனம் சோர்ந்தால் பேச ஓர் ஆள், இதெல்லாம் கல்லூரியின் பாடு. 1249-இல் இறந்த ஒரு பாதிரியாரின் உயில் பணத்தில் உருவான யுனிவர்சிட்டி காலேஜிலும் இதே ஏற்பாடுதான். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்து வரும் கல்லூரிக் கணக்குக்கு 'பேட்டல்ஸ்' என்று பெயர். மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும், கவனம் வேண்டும்! வெளியே வீடு பார்க்கும் முழுநேர மாணவர், பொதுவாக நகர நடுவிலுள்ள கார்ஃபாக்ஸிலிருந்து 25 மைலுக்குள் இருக்க வேண்டும். பல கல்லூரிகளில் முதலாண்டுக்குத்தான் அறை உறுதி. ஆகவே, இரண்டாம் ஆண்டு அறை உண்டா என்று சேருமுன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.