கூரைக்குக் கூரை இணையம்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் சாலையிலுள்ள பொம்மசந்திராத் தொழிற்பேட்டையைச் சுற்றித் தொழிலாளர் பலர் வாடகை அறைகளைப் பகிர்ந்து வாழ்கின்றனர். ஓர் இணைய இணைப்பைத் தெருவார் அனைவரும் அவ்வாறே பகிர இயலுமா?

இயலும் என்பதை இமயமலைச் சரிவிலுள்ள தரம்சாலா காட்டியது. 2005 சனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த மைய அரசு இசைந்தது. பிப்ரவரி முடிவதற்குள் அங்கே 8 வளாகங்கள் கம்பியின்றி இணைந்தன. கடையில் கிடைக்கும் மலிவான கருவிகளே கூரைகள்மீது ஏறின. ஒவ்வொன்றும் தன் அண்டைக் கருவிக்குச் செய்தியைக் கடத்தியது; ஒன்று பழுதுற்றால் செய்தி வேறு வழியே சென்றது. சில ஆண்டுகளில் 30க்கு மேற்பட்ட நிலையங்கள் ஏறத்தாழ 2,000 கணிப்பொறிகளை இணைத்தன. வெளியுலகத் தொடர்போ நொடிக்கு 6 மெகாபிட்தான்! மின்வெட்டுக்கு மின்கலம் உதவிற்று. குரங்குகளின் தொல்லையையும் எண்ணியே கம்பங்களை நிறுத்த வேண்டியிருந்தது.

2020 டிசம்பரில் மைய அமைச்சரவை ஏற்ற பிரதமர் வாணி திட்டப்படி, ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தேநீர்க் கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை நிலையம் நடத்தலாம். ஆகவே பொம்மசந்திராவுக்குச் சட்டம் தடையன்று. கருவிகள் ஒன்றையொன்று நேரே காண உயர்ந்த கூரைகள் வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் இசைய வேண்டும். மாதக் கட்டணம் தண்டுபவர் யார்? நள்ளிரவில் பழுதானால் ஏணி ஏறுபவர் யார்? அடிக்கடி அறை மாறும் தொழிலாளரிடையே இவற்றுக்கு விடை காண்பது கருவி வாங்குவதினும் கடினம். வீட்டுக்காரர், கடைக்காரர், தொழிற்சங்கத்தார் மூவரும் ஒன்றாக அமர்ந்து இதைப் பேசி முடித்த பின்னரே முதற்கம்பம் நடப்பட வேண்டும்.